மாரிஸ் மைனருக்குக் கம்பிச் சக்கரம் போடலாமா? புகைந்த ஒயரிங்கை எங்கிருந்து தொடங்குவது?

கொட்டகைக்காரன் (பள்ளத்தூர்)

எங்கள் வீட்டு வண்டிக் கொட்டகையில் 1951ஆம் ஆண்டு மாரிஸ் மைனர் கார் ஒன்று நிற்கிறது. பாட்டையா வாங்கியது. வீட்டையும் விற்பதில்லை, வண்டியையும் விற்பதில்லை என்று பங்காளிகள் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். ஓட வைக்கிற பொறுப்பு மட்டும் என் தலையில் விழுந்திருக்கிறது. 918 சிசி எஞ்சினை மதுரையில் பிரித்துச் சேர்த்தாகிவிட்டது, அதில் குறையில்லை. சிக்கல் இரண்டு.

முதலாவது சக்கரம். இருப்பவை 14 அங்குல இரும்பு டிஸ்க் சக்கரங்கள். ஒன்றில் நட்டுத் துளைகள் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கின்றன. இன்னொன்றின் ரிம் கோணியிருக்கிறது. தை மாதம் வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் என்று சித்தப்பா மகன் அறிவித்துவிட்டான். அவனுக்கு இந்தச் சக்கரம் பிடிக்கவில்லை. நடுவில் இறக்கை நட்டு வைத்த கம்பிச் சக்கரம் போட்டால்தான் பழைய வண்டி என்று தெரியுமாம்.

இரண்டாவது ஒயரிங். சென்ற வாரம் முகப்பு விளக்கைப் போட்டதும் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து புகை. பழுப்பு ஒயர் ஒன்றின் உறை கருகி ஒட்டிப்போயிருக்கிறது. பின்பக்கம் எலி கடித்த இடங்கள் வேறு. எல்லாம் துணி சுற்றிய ஒயர்கள். தொட்டால் உள்ளேயிருக்கும் ரப்பர் மாவாக உதிர்கிறது. உள்ளூர் எலக்ட்ரீஷியன் அத்தனையையும் வெட்டி எறிந்துவிட்டு அம்பாசடர் ஒயரிங் செட்டை மாட்டிவிடலாம் என்கிறார். ஒரே நாள் வேலையாம். செய்யலாமா?

தேவகோட்டை டைனமோ

பேட்டரியைக் கழற்றிவிட்டீர்களா? இல்லையென்றால் அதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். தேக்கு உத்தரம் போட்ட கொட்டகைக்குள் புகைகிற வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு சக்கரத்தின் அழகைப் பேசக்கூடாது.

கொட்டகைக்காரன் (பள்ளத்தூர்)

கழற்றிவிட்டேன் அண்ணே. இரண்டு முனையும்.

தேவகோட்டை டைனமோ

நல்லது. இனி விவரமாகச் சொல்கிறேன்.

அம்பாசடர் செட் வேண்டாம். நீளமும் பொருந்தாது, கிளை பிரிகிற இடமும் பொருந்தாது. உங்கள் வண்டியில் கதவுத் தூணுக்குள்ளிருந்து எழுந்து திரும்பும் திசையைக் காட்டுகிற கைகாட்டிக்கு அதில் ஒயரே இருக்காது. மிஞ்சுகிற ஒயரைச் சுருட்டி டாஷ்போர்டுக்குள் திணிப்பார்கள். ஒரு நாள் வேலை என்று அவர் சொல்வது அந்தத் திணிப்பைத்தான்.

அடுத்தது புகை. கருகிய ஒயரைப் பார்த்து அதுதான் கெட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வழியாக அளவுக்கு மேல் மின்சாரம் ஓடியிருக்கிறது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். கோளாறு அதற்கு அப்பால் எங்கோ இருக்கிறது. இந்த வண்டிகளுக்கு மின்சாமான் செய்த லூகாஸ் நிறுவனத்தின் நிறக் கணக்கு தெரிந்தால் எங்கே என்று ஓரளவு சொல்லிவிடலாம். பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் நேராக வருவது. வெள்ளை, சாவி போட்டதும் உயிர் வருவது. பச்சை, சாவிக்கும் ஃபியூஸுக்கும் பிறகு வருவது. பிரேக் விளக்கு, வைப்பர், கைகாட்டி எல்லாம் அதில் தொங்கும். நீலம் முகப்பு விளக்கு: நீலத்தில் வெள்ளைக் கோடு தூர ஒளி, நீலத்தில் சிவப்புக் கோடு தாழ் ஒளி. சிவப்பு, பக்க விளக்கும் பின் விளக்கும். கறுப்பு எர்த், அதாவது வண்டித் தகரத்தோடு சேர்கிற ஒயர். உங்கள் துணி உறையில் நிறம் மங்கியிருந்தால் இணைப்பில் ஒயர் நுனியில் மாட்டியிருக்கிற தோட்டா வடிவ உலோகப் புல்லட்டுக்குள் மறைந்திருக்கிற முனையைப் பாருங்கள், அங்கே நிறம் பிழைத்திருக்கும்.

அந்தக் காலத்து வண்டிகளில் முகப்பு விளக்குக்கு ஃபியூஸ் கிடையாது. ஃபியூஸ் போய் விளக்கு திடீரென்று அணைவதைவிட ஒயர் சுடுவது மேல் என்று நினைத்தார்களோ என்னவோ. ஆகவே சுவிட்சைத் தாண்டி நீல ஒயர் எங்காவது தகரத்தைத் தொட்டால், வெந்துபோவது சுவிட்சுக்கு முன்னாலிருக்கிற பழுப்பு ஒயர். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

கண்டுபிடிக்கிற வழி: முகப்பு விளக்கு பல்புகளைக் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரில் போட்டு, பேட்டரி முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவில் சேருங்கள். கேபிளை நேராகப் பேட்டரியில் மாட்டக்கூடாது, பல்பு வழியாக மட்டுமே. எங்கே உரசினாலும் இரண்டு ஆம்பியருக்கு மேல் ஓடாது, புகை வராது. எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது பல்பு இருட்டாக இருக்க வேண்டும். முகப்பு சுவிட்சைப் போடுங்கள். பல்பு முழுதாக எரிந்தால் உரசல் இருக்கிறது. இப்போது முன்பக்கத்து இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். எதைப் பிரித்தால் பல்பு அணைகிறதோ, அந்த ஒயரில்தான் கோளாறு. முகப்பு விளக்குக் கிண்ணத்துக்குப் பின்னால், தகரத் துளைக்குள் ஒயர் நுழைகிற இடத்தை முதலில் பாருங்கள். அங்கே இருக்கிற ரப்பர் வளையம் இந்நேரம் தாராக மாறியிருக்கும்.

ஃபோர்டு பிரியன் (கோட்டையூர்)

ஒயரிங்கை டைனமோ அண்ணன் பார்த்துக்கொள்வார். சக்கரத்துக்கு நான் வருகிறேன்.

கம்பிச் சக்கரம் என்றால் பழமை, இரும்பு டிஸ்க் என்றால் புதுமை என்கிற எண்ணமே சரியில்லை. 1920களிலேயே டிஸ்க் சக்கரம் போட்ட கார்கள் ஓடின. எங்கள் வீட்டு ஃபோர்டு மாடல் ஏ 1930ஆம் ஆண்டுக்காரர். அவருக்குக் கம்பிச் சக்கரம், 19 அங்குலம். 1928, 1929இல் வந்தவற்றுக்கு 21 அங்குலம். இந்த அளவை வைத்தே சக்கரம் மாறியிருக்கிறதா என்று சொல்லிவிடலாம். இந்தக் கம்பிகள் ரிம்மோடும் நடுப்பகுதியோடும் பற்றவைக்கப்பட்டவை. சைக்கிளில் இருப்பதுபோல நிப்பிள் கிடையாது. வளைந்தால் திருகி நேராக்க முடியாது. ஐந்து நட்டில் மாட்டுகிற சக்கரம்.

உங்கள் சித்தப்பா மகன் கேட்பது வேறு குடும்பம்: ரட்ஜ் விட்வொர்த் என்ற ஆங்கில நிறுவனத்தின் வழி வந்த நடு நட்டுச் சக்கரம். ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டுகிற நடுப்பாகத்தில், நீளவாக்கில் பற்கள் வெட்டியிருக்கும், அதன்மேல் சக்கரம் செருகி உட்காரும், வெளியே ஒரே ஒரு பெரிய நட்டு. வண்டியின் இடப்பக்கத்துக்கு வலமரை, வலப்பக்கத்துக்கு இடமரை. வண்டி முன்னே ஓடும்போது நட்டு தானே இறுகுகிற ஏற்பாடு. கழற்ற வேண்டுமானால் சக்கரம் முன்னோக்கி உருளும் திசையில் அடிக்க வேண்டும். பக்கம் மாற்றி ஹப்பைப் போட்டவர்களின் சக்கரம் அவர்களுக்கு முன்னால் உருண்டு போன கதைகள் உண்டு.

மாரிஸ் மைனர் 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான நாளிலிருந்து தொழிற்சாலையில் கம்பிச் சக்கரத்தோடு வந்ததே இல்லை. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் அந்தக் காருக்கு 14 அங்குலச் சக்கரம் வைத்ததே அன்றைக்குப் புதுமை. மற்றவர்கள் 16, 17 அங்குலத்தில் இருந்தார்கள். அந்தச் சின்னச் சக்கரம்தான் அந்த வண்டியின் முகம். அதைக் கழற்றிவிட்டு எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரின் காலை ஒட்டவைக்கப் பார்க்கிறீர்கள்.

படப்பிடிப்பு வண்டி (காரைக்குடி)

நண்பர் கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறார். நான் படப்பிடிப்புகளுக்கும் கல்யாணங்களுக்கும் பழைய வண்டிகள் வாடகைக்கு விடுகிறேன். கானாடுகாத்தான் வீடுகளில் படம் எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது கம்பிச் சக்கரம், அடுத்தது டயரின் வெள்ளைப் பட்டை. எது எந்த ஆண்டு என்று யாரும் கேட்பதில்லை. மைனரின் நான்கு நட்டு ஹப்பின்மேல் மாட்டுகிற அடாப்டர் கிடைக்கிறது. அதன்மேல் பல் வைத்த கம்பிச் சக்கரம். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். உங்கள் வண்டி, உங்கள் விருப்பம்.

ஃபோர்டு பிரியன் (கோட்டையூர்)

அடாப்டர் போட்டால் சக்கரம் எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்று அளந்து பார்த்திருக்கிறீர்களா? மைனரின் பின் சக்கரம் தகரத்துக்குள் ஒடுங்கி உட்காரும். மாப்பிள்ளையும் மாமன்மார்களும் பின்னால் ஏறி உட்கார்ந்தால் டயர் தகரத்தில் உரசும். சுமை வெளியே தள்ளிப்போவதால் பேரிங்குக்கும் கேடு. நான்கு சின்ன நட்டுகளின்மேல் அடாப்டர், அடாப்டர்மேல் பல், பல்மேல் நட்டு. இதில் எது தளர்ந்தாலும் வெளியே தெரியாது.

வெள்ளைப் பட்டை பற்றி ஒரு சொல்: அது அமெரிக்கக் கார்களின் அலங்காரம். ஆங்கில வண்டியில் அதைப் பார்த்தால் எனக்குக் கண் கூசுகிறது. ஒட்டுகிற பட்டையாக வாங்கினால் வெயிலில் மஞ்சளித்து உரிந்துவிடும்.

ஆரக்கால் (கானாடுகாத்தான்)

சக்கரப் பேச்சு வந்துவிட்டதால் நானும் நுழைகிறேன். எங்களிடம் மரச் சக்கரம் வைத்த ஃபோர்டு மாடல் டி இருக்கிறது. ஓடுவதில்லை. சித்திரை வந்தால் ஆரக்கால்கள் சுருங்கிக் கிறீச்சிடும், ஐப்பசியில் மழை பெய்தால் மௌனமாகிவிடும். நம் ஊர் வறட்சிக்கு இந்த மரங்கள் பழகவில்லை. அமெரிக்கச் சக்கரம் ஹிக்கரி மரம், ஆங்கிலச் சக்கரம் பெரும்பாலும் ஆஷ் மரம். இரண்டும் இங்கே வளர்வதில்லை.

மாட்டு வண்டிச் சக்கரம் செய்கிற ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்குக் குடம் எங்கே என்று கேட்டார். சரியான கேள்வி. நம் வண்டிச் சக்கரத்தில் நடுவில் மரக் குடம் இருக்கும், அதில் துளையடித்து ஆரக்காலின் நாக்கைச் செருகுவோம், மறுமுனை வட்டையில் ஏறும், வெளியே இரும்புப் பட்டாவைச் சூடாக்கி இறக்கி, தண்ணீர் ஊற்றி இறுக்குவோம். பீரங்கி வண்டியிலிருந்து காருக்கு வந்த இந்தச் சக்கரத்தில் மரக் குடம் கிடையாது. பன்னிரண்டு ஆரக்கால்களின் உள்முனைகளும் ஆப்பு வடிவில் சீவப்பட்டு, ஒன்றையொன்று தோளோடு தோளாக அணைத்துக்கொண்டு ஒரு வட்டமாகிவிடும். அந்த வட்டத்தை இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் வைத்து போல்ட் போட்டு நெருக்குகிறார்கள். ஒவ்வோர் ஆப்புக்கும் 30 பாகை. ஒவ்வோர் ஆரக்காலிலும் அரைப் பாகை பிசகினால் பன்னிரண்டு சேரும்போது ஆறு பாகை ஆகிவிடும். ஆசாரி இதைக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். தகரத்தில் அச்சு வெட்டி வைத்துக்கொண்டு முதல் சக்கரத்துக்கான ஆப்புகளைச் சீவிக்கொண்டிருக்கிறார். என்ன மரம் என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. அவர் கருவேலம் என்கிறார், வண்டிக்கு அதுதான் காலங்காலமாக என்று. எனக்கு எடை பயமாக இருக்கிறது.

பழைய மரச் சக்கரம் தளர்ந்தால் ஊருணியில் ஊறப்போடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். மரம் உப்பும்போது தன் நாரையே நசுக்கிக்கொள்ளும், காய்ந்தபின் முன்னைவிட அதிகம் தளரும். இடையில் இரும்புத் தட்டும் துருப்பிடிக்கும்.

மின்வேதி ஆச்சி (காரைக்குடி)

வேலையில் இருந்த காலமெல்லாம் துருவோடும் முலாமோடும் கழித்தவள். இரண்டு செய்தி சொல்ல வேண்டும்.

முதலாவது, கம்பிச் சக்கரம் வாங்குகிறவர்கள் பளபளப்புக்கு ஆசைப்பட்டு உள்ளூரில் குரோம் முலாம் பூசக் கொடுக்கிறார்கள். ஆரக்கால் கம்பி வலுவான எஃகு. அமிலத் தொட்டியில் கழுவும்போதும் முலாம் ஏறும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடுகிறது. மர ஆரக்கால் கீழிருந்து தாங்கும்; கம்பி ஆரக்கால் இழுவிசையில்தான் வேலை செய்யும். ஹைட்ரஜன் புகுந்த எஃகு இழுவிசையில் நின்றுகொண்டே இருந்து, ஒரு நாள் எச்சரிக்கையில்லாமல் ஒடியும். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 190 முதல் 220 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் சுட்டு எடுத்தால் அந்த வாயு வெளியேறும். முலாம் கடைக்காரரிடம் இதற்கு அடுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். விழித்தால் திரும்பி வந்துவிடுங்கள். பெயின்ட் அடித்த கம்பிச் சக்கரத்துக்கு இந்தக் கவலை இல்லை. அந்தக் காலத்தில் பெரும்பாலானவை பெயின்ட்தான்.

இரண்டாவது, கொட்டகைக்காரத் தம்பிக்கு ஒரு கேள்வி. அந்தக் கொட்டகையில் மாடு கட்டுகிறீர்களா?

கொட்டகைக்காரன் (பள்ளத்தூர்)

ஆமாம் ஆச்சி, ஒரு பக்கம் பசு இருக்கிறது. எப்படித் தெரியும்?

மின்வேதி ஆச்சி (காரைக்குடி)

தெரியாது, அதனால்தான் கேட்டேன். மாட்டுக் கோமியமானாலும் எலிச் சிறுநீரானாலும் அதிலிருந்து அம்மோனியா கிளம்பும். பித்தளைக்கு அம்மோனியா எமன். வளைத்தோ நசுக்கியோ செய்த பித்தளைத் துண்டுக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால் அந்த இடத்தில் மயிரிழை வெடிப்பு விடும். இதை உலகம் கற்றுக்கொண்டதே நம் நாட்டில்தான். ஆங்கிலேயர் படை மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது பித்தளை உறைகள் காரணம் தெரியாமல் வெடித்தன. லாயத்து அம்மோனியாதான் காரணம் என்று 1921இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். உங்கள் ஒயர் இணைப்புகளில் இருக்கிற புல்லட்டுகளும் அவற்றைப் பிடிக்கிற குழல்களும் பித்தளை. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெடித்தவற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்து பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

ஒயரை வெட்டிப் பார்க்கும்போது உள்ளே செம்பு கறுத்தோ பச்சையாகவோ இருந்தால், பளபளக்கிற செம்பு தெரிகிறவரை பின்னுக்கு வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த செம்பில் ஈயம் பற்றாது. பற்றவைக்க அமிலப் பசை எடுக்கவே கூடாது, தகரக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும். குங்கிலியப் பசை உள்ள ஈயக் கம்பி மட்டும்.

தேவகோட்டை டைனமோ

ஆச்சி சொன்னது முழுக்கச் சரி. ஆனால் இணைப்பில் ஈயம் வைப்பது பற்றி எனக்கு ஒரு தகராறு உண்டு. ஈயம் ஒயரின் இழைகளுக்குள் ஏறி ஓர் அங்குலம் விறைப்பாகிவிடும். விறைப்பு முடிகிற இடத்தில் ஒயர் ஆடி ஆடி ஒடியும். புல்லட்டுக்குள் ஈயம் வையுங்கள், அங்கே குழல் தாங்கும். நடு ஒயரில் ஒட்டுப் போட வேண்டி வந்தால் நல்ல கிரிம்ப் கருவியால் நசுக்கிய குழல், அதன்மேல் வெப்பத்தில் சுருங்குகிற உறை. குறடால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது.

மின்வேதி ஆச்சி (காரைக்குடி)

ஈயம் வைத்த ஒட்டை ஆடாதபடி மற்ற ஒயர்களின் சரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் ஒடியாது. நசுக்கிய ஒட்டில் காற்றுப் புகுந்தால் அதுவும் கறுக்கும். இதில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்.

தேவகோட்டை டைனமோ

சரி ஆச்சி, இரண்டு கட்சியும் இருக்கட்டும். முறுக்கி டேப் சுற்றுகிற மூன்றாவது கட்சி மட்டும் வேண்டாம் என்பதில் நாம் ஒன்று.

கொட்டகைக்காரன் (பள்ளத்தூர்)

பல்பு வைத்துப் பார்த்துவிட்டேன். அண்ணன் சொன்ன இடமேதான். இடப்பக்க முகப்பு விளக்குக்குப் பின்னால் நீலத்தில் வெள்ளைக் கோடு ஒயர், தகர விளிம்பில் உரசிச் செம்பு தெரிகிறது. புல்லட்டுகளில் பாதிக்குமேல் ஆச்சி சொன்ன வெடிப்பு. பசுவை மாற்றிக் கட்டிவிட்டோம்.

இப்போது கேள்வி: உரசிய ஒயரையும் கருகிய ஒயரையும் மட்டும் மாற்றினால் போதுமா? எந்தத் தடிமனில் வாங்குவது? எலக்ட்ரீஷியன் வீட்டு ஒயரே போதும் என்கிறார்.

தேவகோட்டை டைனமோ

தொட்டால் ரப்பர் உதிர்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கண்ணில் பட்ட இரண்டை மாற்றினால் கண்ணில் படாதது அடுத்துப் புகையும். முழு ஒயர்ச் சரத்தையும் புதிதாகக் கட்டுங்கள், ஆனால் பழையதை அச்சாக வைத்து. பழைய சரத்தை முழுதாக, வெட்டாமல் வெளியே எடுங்கள். எடுப்பதற்குமுன் ஒவ்வொரு முனையிலும் அட்டைச் சீட்டுக் கட்டி எங்கிருந்து கழன்றது என்று எழுதுங்கள், படமும் எடுத்துவையுங்கள். பழைய கதவுப் பலகை ஒன்றின்மேல் சரத்தைக் கிடத்தி, கிளை பிரிகிற ஒவ்வோர் இடத்திலும் ஆணி அடியுங்கள். புது ஒயர்களை அந்த ஆணிகளைச் சுற்றி இழுத்துக் கட்டினால் நீளம் பிசகாது. பின்பக்கக் கிளைகளுக்கு மட்டும் ஒரு சாண் கூடுதலாக விடுங்கள்.

வீட்டு ஒயர் கூடாது. பழைய 3/20 ஒயர் என்பது மூன்றே தடித்த கம்பி, ஆட்டத்தில் ஒடியும். காருக்கான ஒயரில் மெல்லிய இழைகள் நிறைய இருக்கும். 14/0.30 என்றால் 0.30 மில்லிமீட்டர் தடிமனில் 14 இழை, ஒரு சதுர மில்லிமீட்டர், சுமார் 8¾ ஆம்பியர் தாங்கும். 28/0.30 என்றால் இரண்டு சதுர மில்லிமீட்டர், 17½ ஆம்பியர். 44/0.30 சுமார் மூன்று சதுர மில்லிமீட்டர். பக்க விளக்கு, பின் விளக்கு, கைகாட்டிக்கு 14 இழை. முகப்பு விளக்குக்கு 28. சுவிட்சுக்கு வருகிற பழுப்புக்கும் டைனமோவின் தடித்த மஞ்சளுக்கும் 44.

முகப்புக்கு 14 போதாதா என்று கேட்பீர்கள். 42 வாட் பல்பு இரண்டு, 12 வோல்ட்டில் ஏழு ஆம்பியர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு மீட்டருக்கு சுமார் 0.017 ஓம். நான்கு மீட்டர் ஓடினால் அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். பல்பின் ஒளி வோல்ட்டைவிட வேகமாக விழும்: பத்து விழுக்காடு வோல்ட் குறைந்தால் ஏறத்தாழ முப்பது விழுக்காடு ஒளி போய்விடும். பழைய வண்டி விளக்கு மங்கல் என்று எல்லாரும் சொல்வதில் பாதி, ஒயரும் எர்த்தும் தின்கிற வோல்ட். புது ஒயர் இழுத்தபின் ஒவ்வொரு விளக்கின் எர்த் முனையையும் பெயின்ட் சுரண்டி, தகரம் பளபளக்க வைத்து இறுக்குங்கள்.

அடுத்தது ஃபியூஸ். ஃபியூஸ் பெட்டியின் முனைகளில் ஏ1–ஏ2 எப்போதும் உயிர், ஹாரன் அதில். ஏ3–ஏ4 சாவிக்குப் பிறகு. லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால் அது உருகுகிற ஆம்பியர். தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். இன்றைய ஃபியூஸில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்குகிற அளவு. 35 என்று பார்த்து இன்றைய 35ஐப் போட்டால் ஃபியூஸ் இருக்கும், ஒயர் போய்விடும். முகப்பு விளக்குக்கும் தனியாக ஃபியூஸ் சேர்த்துவிடுங்கள், தூர ஒளிக்கு ஒன்று, தாழ் ஒளிக்கு ஒன்று. ஒன்று போனாலும் மற்றது இருக்கும். டாஷ்போர்டுக்குக் கீழே மறைவாக வைத்தால் யார் கண்ணுக்கும் படாது.

படப்பிடிப்பு வண்டி (காரைக்குடி)

கூடவே நெகட்டிவ் எர்த்துக்கும் மாற்றிவிடலாமே? பாட்டுப் பெட்டி, மொபைல் சார்ஜர் எல்லாம் போடலாம்.

தேவகோட்டை டைனமோ

மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் தகரத்தோடு சேர்ந்திருக்கும். மாற்றினால் இக்னிஷன் காயிலின் இரண்டு முனையையும் மாற்ற வேண்டும், டைனமோவின் ஒயர்களைக் கழற்றிவிட்டு எஃப் முனையில் பேட்டரி உயிரை லேசாகத் தொட்டு அதன் காந்தத்தைத் திருப்ப வேண்டும். கடினமில்லை. ஆனால் நாளைக்கு இந்த வண்டியைப் பார்க்கிற மெக்கானிக், புத்தகத்தைப் பார்த்துப் பாசிட்டிவை எர்த்தில் மாட்டுவார். மாப்பிள்ளை அழைப்புக்கு நாதஸ்வரம் இருக்கிறது, பாட்டுப் பெட்டி எதற்கு? இருக்கிறபடி விட்டுவிட்டு, பேட்டரி பக்கத்தில் பெரிய எழுத்தில் பாசிட்டிவ் எர்த் என்று எழுதி ஒட்டுங்கள். பேட்டரியைத் துண்டிக்கிற சுவிட்ச் ஒன்றும் போடுங்கள். கொட்டகையில் நிற்கும்போது அது அணைந்தே இருக்க வேண்டும்.

கொட்டகைக்காரன் (பள்ளத்தூர்)

ஒயர் வாங்கச் சென்னைக்குப் போகிற மாமாவிடம் பட்டியல் கொடுத்துவிட்டேன். உள்ளே பிவிசி, வெளியே பருத்திப் பின்னல் போட்ட ஒயர் கிடைத்தால் அதையே வாங்கச் சொல்லியிருக்கிறேன். காரைக்குடியில் கண்டாங்கி நெய்கிறவர்களிடம் பின்னல் கேட்டுப் பார்க்கலாமா என்று ஆத்தா கேட்கிறார்கள். சிரித்துவிட்டேன், பிறகு யோசிக்கவும் செய்தேன்.

சக்கரம்தான் முடிவாகவில்லை. சித்தப்பா மகன் அடாப்டர் விலை கேட்டுவிட்டான்.

புதுவயல் பஞ்சர் கடை

டயர் மாட்டுகிறவன் சொல்கிறேன், கேளுங்கள். துளை முட்டையாகத் தேய்ந்த சக்கரத்தைப் பற்றவைத்துத் துளை போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பழைய இரும்பு எடைக்கடைக்கு. கோணிய ரிம் பக்கவாட்டில் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் ஆடினால் தட்டி நேராக்கலாம். டிஸ்க்கும் ரிம்மும் சேர்கிற இடத்தில் வெடிப்பு இருந்தால் அதுவும் எடைக்கடைக்கு. வெடிப்பு பெயின்டுக்கு அடியில் இருக்கும். பெயின்டை உரித்துவிட்டு மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்பு பூசிக் காயவிடுங்கள். வெடிப்பு இருந்தால் எண்ணெய் கசிந்து சுண்ணாம்பில் கோடு விழும். நம் ஊரில் சுண்ணாம்புக்கா பஞ்சம்?

டயர் 5.20–14 எடுத்துக்கொள்ளலாம். பத்மினி காருக்குப் போட்ட அதே அளவு. எது வாங்கினாலும் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் தேயாத டயரும் கொட்டகையில் நின்றே வெடித்துப்போகும்.

ஃபோர்டு பிரியன் (கோட்டையூர்)

இன்னொன்று. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதி உங்களுக்குப் பொருந்தும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், எண்ணில் விஏ என்ற எழுத்து வரும். சேசிஸ், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்கிறது விதி. சக்கரத்தைக் குறித்துச் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் அந்தப் பதிவு வாங்கினால் வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான். வாடகைக்கு விடுகிற நண்பர் இதையும் படித்துவைப்பது நல்லது.

படப்பிடிப்பு வண்டி (காரைக்குடி)

படித்திருக்கிறேன். என் வண்டிகள் பழைய பதிவில் இருக்கின்றன, வரியும் கட்டுகிறேன். சக்கரத்தில் தொடங்கி என் ஆர்.சி. புத்தகத்துக்கு வந்துவிட்டீர்கள்.

கொட்டகைக்காரருக்கு: முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடைகளில் மைனர் சக்கரம் இரண்டு கிடப்பதைப் பார்த்தேன். தேக்குத் தூண்களுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவில். தேவையென்றால் சீக்கிரம் போங்கள், யாராவது கண்ணாடி பதித்துச் சுவரில் மாட்டிவிடப் போகிறார்கள்.

கொட்டகைக்காரன் (பள்ளத்தூர்)

வாங்கிவிட்டேன்! சுண்ணாம்புச் சோதனையில் இரண்டும் தேறின. சித்தப்பா மகனைக் கூடவே அழைத்துப் போனேன். ஃபோர்டு பிரியன் சொன்னபடி பின் சக்கரத்துக்கும் தகரத்துக்கும் இடையில் கைவிட்டுப் பார்க்கச் சொன்னேன். விரல் நுழைகிற இடத்தைப் பார்த்ததும் அடாப்டர் பேச்சு நின்றது. சக்கரத்தின் நடுவை மூடுகிற கப்புகளுக்கு மட்டும் புது முலாம் வேண்டும் என்கிறான். அதில் எடை ஏதும் தொங்குவதில்லை என்பதால் ஆச்சி அனுமதிப்பார் என்று நினைக்கிறேன்.

புதுச் சரம் கட்டி மாட்டியாகிவிட்டது. முகப்பு, பின் விளக்கு, ஹாரன் எல்லாம் சரி. பல்பு வைத்த சோதனையில் இருட்டு. வலப்பக்கக் கைகாட்டி மட்டும் எழுவதில்லை. முனையில் 12 வோல்ட் காட்டுகிறது.

மின்வேதி ஆச்சி (காரைக்குடி)

கப்புக்கு முலாம் பூசலாம். நிக்கல் நன்றாகத் தடித்து ஏறவேண்டும், குரோம் அதன்மேல் மெல்லியதாக. நிக்கல் மெலிந்தால் ஒரே மழையில் புள்ளி புள்ளியாகத் துரு வரும்.

தேவகோட்டை டைனமோ

ஒன்றும் மாட்டாமல் அளந்தால் 12 காட்டும். சுவிட்சைப் போட்டு, கைகாட்டி இழுக்க முயல்கிறபோதே அளந்து பாருங்கள். வோல்ட் விழுந்தால் உயிர் வருகிற வழியில் இணைப்பு சரியில்லை. விழாமல் நின்றால் எர்த்தோ சுருளோ அறுந்திருக்கிறது, பெரும்பாலும் எர்த். தூணில் கைகாட்டியைப் பிடிக்கிற திருகு பெயின்ட்மேல் உட்கார்ந்திருக்கும், கழற்றிச் சுரண்டுங்கள். பிறகும் எழவில்லையென்றால் கையின் கீலில் மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. கிரீஸ் வேண்டாம், செம்மண் புழுதியோடு சேர்ந்து களிம்பாகிவிடும். கையை விரலால் இழுத்துத் தூக்காதீர்கள், உள்ளே பூட்டு இருக்கிறது, ஒடியும். சாவியைப் போட்டு அதுவாக எழட்டும்.